திரும்பத் தெரியாத படகுகள்

ரம்லா அன்று காலை ஏழாயிரத்து நூறு படகுகளை மூழ்கடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாழைப்பழ பஜ்ஜி தின்னப் போனாள். கப்பல் கவிழ்ந்தால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது ஒரே ஒரு கப்பல் வைத்திருப்பவர்களுக்குச் சரி. தினம் பத்தாயிரம் படகு விடுகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? மிளகாய்த் துவையலில் தோய்த்து இரண்டு பஜ்ஜி தின்றாள். மூன்றாவதைத் தின்னும்போதுதான் கோபம் வந்தது.

இந்தோனேசியாவின் மக்காசார் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது அவளுடைய கடல். கடல் என்றால் நான்கு கணினிகள். சுலாவேசிக்கும் காளிமந்தானுக்கும் நடுவே கிடக்கும் நீரிணை முழுவதையும் அவற்றுக்குள் அடைத்து வைத்திருந்தாள். நாற்பது ஆண்டுக் காற்று மணிக்கு மணி அதில் இருந்தது. நீரோட்டமும் அலையும் இருந்தன. அந்தக் கடலில் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய படகுகளை விடுவாள். பக்கத்துக்கு ஒரு மூங்கில் மிதவை, ஓலைப் பாய், நான்கு ஆட்கள், ஆறு நாளுக்குக் குடிதண்ணீர். கிழக்குக் காற்றுப் பருவத்தில் சுலாவேசிப் பக்கத்து மண்டார்க் கரையிலிருந்து கிளம்பி எதிர்க்கரை போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பாள்.

பார்க்க வேண்டிய காரணம் இருந்தது. இரு கரையிலும் மண்ணுக்கடியிலிருந்து ஒரே கை வனைந்தது போன்ற பானை ஓடுகள் கிடைத்திருந்தன. பானைக்குக் கால் இல்லை, யாரோதான் கொண்டுபோயிருக்க வேண்டும். ஆனால் எப்படி? புயலில் சிக்கிய நாலு பேர் அடித்துச் செல்லப்பட்டு அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள், அவ்வளவுதான் என்பது ஒரு கட்சி. போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள், சந்தைக்குப் போவதுபோலப் போய் வந்தார்கள் என்பது ரம்லாவின் கட்சி. அவளே மண்டார்க்காரி, கடலோடிகள் வம்சம். அவளுடைய முன்னோர்களை யாரோ மிதந்து போன தென்னைமட்டை கணக்கில் சேர்ப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஆனால் அவளுடைய சொந்தக் கணினிகளே எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டன. நூறு படகு கிளம்பினால் எழுபத்தொன்று மூழ்கின. இருபது தெற்கே இழுத்துச் செல்லப்பட்டு வரைபடத்தைவிட்டே காணாமல் போயின. ஒன்பதுதான் கரை சேர்ந்தன. நூற்றுக்கு ஒன்பது என்றால் எந்த வியாபாரி போவான், எவள் புருஷனை அனுப்புவாள்?

எந்தக் கட்சி சரி என்று முடிவைச் சொல்ல வேண்டிய குழுவின் தலைவர் ஹர்தோனோ, ஜாவாக்காரர். மெல்லப் பேசுவார், ஆனால் விடமாட்டார். மத்தியானம் கணினித் திரையில் வந்தார். அவர் அவளை இபு என்பார், அவள் அவரை பாக் என்பாள், அம்மா, ஐயா என்பதுபோல.

"இபு ரம்லா, எண்ணிக்கையப் பாத்தேன். இதுல வந்து போனதுக்கு அடையாளம் எதுவும் இல்லையே."

"படகு வேகத்துல ஏதோ தப்பிருக்கு, பாக். சரி பண்ணிடுவேன்."

"பண்ணுங்க. இன்னொண்ணு கேக்கணும். உங்க படகு எதுவுமே திரும்பி வரமாட்டேங்குதே, ஏன்? மோசமான காத்துல மாட்டினாலும் நேரா போயி மூழ்குதே."

ரம்லா சிரித்தாள். வயல் உழுது பழகிய ஜாவாக்காரரிடமிருந்து வேறென்ன கேள்வி வரும்? "எங்க ஆளுங்க திரும்பமாட்டாங்க, பாக். பாய விரிச்சாச்சு, சுக்கானப் பொருத்தியாச்சு, இனிமே திரும்புறதவிட மூழ்குறதே மேலுன்னு எங்க பக்கம் ஒரு சொல் உண்டு."

"அது சுவத்துல எழுதுற சொல்லுல்ல? அத வெச்சா நிரல் எழுதினீங்க?"

"சுவத்தப் பாத்து எழுதல. எங்க ஊரு படகுத் தலைவன்மாருங்க நாப்பது பேர நேர்ல கேட்டு எழுதினேன். 'கிளம்பின பிறகு எத்தன தடவ பாதியில திரும்பினீங்க?' நாப்பது பேரும் பூஜ்யம்னாங்க. கைநாட்டோட வெச்சிருக்கேன்."

ஹர்தோனோ தலையாட்டினார். நாற்பது பேர் வாக்குமூலத்தை மறுக்க அவரிடம் எதுவும் இல்லை. பதினைந்து நாளில் குழு கூடும், அதற்குள் வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர் யார் இந்த நிரலை எழுதியிருந்தாலும் முதல் நாளே 'ஆபத்து வந்தால் திரும்பு' என்று ஒரு வரி சேர்த்திருப்பார். மண்டார்க்காரிக்கு மட்டும்தான் அது தோன்றாது. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடச் சுவரில் படித்து, லாரியின் முதுகில் படித்து, கல்யாணப் பந்தலில் கேட்டு வளர்ந்தவள் அவள். எட்டு மொழி தெரிந்த கணினிக்கு அவள் கற்றுக்கொடுக்காத ஒரே காரியம் திரும்புவது.

மறுநாள் பஸ் ஏறி ஏழு மணி நேரத்தில் லபுவான் ராயா போய் இறங்கினாள். அவள் பிறந்த ஊர். அண்ணன் தம்ரின் கரையில் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஊரில் பேர் சொல்லும் தலைவன்களில் ஒருவன். எஞ்சினும் வைத்திருக்கிறான், பாயும் வைத்திருக்கிறான். காற்று இருக்கும்போது எஞ்சினைத் தொடமாட்டான். அவளுக்கு அவன் காக்கா, அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, உன் ஜிபிஎஸ் கருவி வேணும். ரெண்டு நாளுக்கு."

"எதுக்கு?"

"பாய் விரிச்சா எந்தக் காத்துக்கு எவ்வளவு வேகம் போறேன்னு பாக்கணும்."

"என் ரொப்போங் இடமெல்லாம் அதுல இருக்கு. மாட்டேன் போ."

ரொப்போங் என்பது ஆழ்கடலில் நங்கூரமிட்டு, தென்னோலை கட்டித் தொங்கவிட்ட மூங்கில் தெப்பம். அதன் நிழலில் மீன் கூடும். அது எங்கே மிதக்கிறது என்பதைக் கூடப்பிறந்தவளிடமும் சொல்லமாட்டார்கள்.

"உன் மீனுக்கு நான் வரல. இடத்தையெல்லாம் அழிச்சிட்டுக் குடு."

தம்ரின் அன்று மாலை முழுக்க உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, குறித்து வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக அழித்தான். அழித்து முடித்துப் பெருமையோடு கொடுத்தான். போன வழியைக் கருவி தானாகவே எழுதி வைத்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது.

ரம்லா அதை மடிக்கணினியில் இணைத்தபோது அண்ணன் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். அண்ணன் பெண்டாட்டி ஹம்சியா, ரம்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், மரவள்ளி மாவை மண் ஓட்டில் பரப்பி ஜேபா சுட்டுக்கொண்டிருந்தாள். திரையில் கடந்த பருவத்தின் பயணங்கள் கோடுகளாக விழுந்தன. அறுபத்து மூன்று பயணம். பெரும்பாலும் நீளக் கோடுகள். ஆனால் சில கோடுகள் கொஞ்ச தூரம் போய், வளைந்து, கரைக்கே வந்தன. வந்தன என்றால் ஊர்க்கரைக்கு இல்லை. வடக்கே இருந்த பாறை முனையைச் சுற்றிக்கொண்டு அதன் பின்னால் போய் நின்றன. மாலைவரை அங்கேயே நின்றுவிட்டு, பிறகு ஊர்க்கரைக்கு வந்தன.

ரம்லா எண்ணினாள். பதினேழு. மறுபடி எண்ணினாள். பதினேழேதான்.

"காக்கா, இங்க வா."

தம்ரின் வந்தான். திரையைப் பார்த்தான். முகம் மாறியது.

"இது என்ன?"

"அது... அன்னைக்குக் கத்திய மறந்துட்டேன்."

"இது?"

"அதுவும் கத்திதான்."

"பதினேழு தடவையா கத்திய மறந்த? கத்தியக் கழுத்துல கட்டித் தொங்கவிட வேண்டியதுதான. நான் வந்து கேட்டப்ப கூசாம பூஜ்யம்னு சொன்னியே."

"போடி. ஆம்பளைங்க விஷயம்." அவன் எழுந்து போய்விட்டான்.

ஹம்சியா ஜேபாவைத் திருப்பிப் போட்டாள். தோள் குலுங்கியது, சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டிருந்தாங்க, நீ கரண்டியப் போட்டுட்ட."

"உனக்குத் தெரியுமா?"

"ஊருல எந்தப் பொம்பளைக்குத் தெரியாது? காத்து சரியில்லன்னா திரும்பிடுவாங்க. ஆனா நேரா கரைக்கு வரமாட்டாங்க. முனைக்குப் பின்னால போயி ஒக்காந்துக்குவாங்க. அவனவன் படகுல அவனவன் ஒக்காந்து, ஒருத்தன ஒருத்தன் பாக்காத மாதிரி ஜேபாவ தின்னுட்டிருப்பான். சாயங்காலம் வந்து, பக்கத்துலயே மீன் கிடைச்சுதும்பான். அந்த மீன் எங்கன்னு மட்டும் நாங்க கேக்கக் கூடாது."

"எல்லாருமா?"

"போன ஜூலை பதினொண்ணாம் தேதி முனைக்குப் பின்னால படகு நிறுத்த எடம் இல்லையாம். புவா சாலே நங்கூரக் கயிறும் இச்சால் அப்பா கயிறும் சிக்கி, அவுக்கிறதுக்குள்ள பொழுது போயிடுச்சு. அப்பவும் ரெண்டு பேரும் பேசிக்கலயாம்."

இச்சால் அப்பா என்றால் தம்ரின்தான், மகன் பேரால் சொல்வது. புவா என்பது ஊரில் பெரியவர்களை மரியாதையாகச் சொல்வது. ரம்லாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமும் வந்தது. ஐந்து வருஷமாகப் படித்த படிப்பெல்லாம் ஆண்பிள்ளைகளின் வீம்பை நம்பி ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறது. ஹர்தோனோவிடம் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்து காது சூடானது.

ஆனால் அவள் நெடுநேரம் வெட்கப்பட்டு உட்காரும் பெண்ணில்லை. பதினேழு கோடுகளையும் அன்றன்றைய காற்றோடு பொருத்திப் பார்த்தாள். அண்ணன் எங்கே திரும்பினான், ஏன் திரும்பினான் என்பது கோட்டிலேயே இருந்தது. சூரியன் ஏறும்போது தென்கிழக்குக் காற்று வந்து சேராவிட்டால் திரும்பியிருக்கிறான். அளவுக்கு மிஞ்சி வந்தாலும் திரும்பியிருக்கிறான். எல்லாம் முதல் பன்னிரண்டு மைலுக்குள், ஊர் மலை கண்ணுக்குத் தெரியும் வரைக்கும்தான். அதைத் தாண்டிய பிறகு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதைத் தாண்டிய பயணம் எதுவும் கெட்டும் போகவில்லை. வீம்பைப் பற்றி என்ன சொன்னாலும், தம்ரின் நல்ல தலைவன் என்று தங்கைக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

மக்காசாருக்குத் திரும்பிய அன்றே நிரலில் நான்கு வரி சேர்த்தாள். மலை தெரியும்வரை யோசி, காற்று சரியில்லையென்றால் திரும்பு, மறுநாள் மறுபடி கிளம்பு. பத்தாயிரம் படகுகளை விட்டாள். கண் எடுக்காமல் பார்த்தாள். புள்ளிகள் கிளம்பின, தயங்கின, திரும்பின, மறுபடி கிளம்பின. பருவம் முடிந்தபோது நூற்றுக்கு எண்பத்தொன்று எதிர்க்கரையில் இருந்தன. பதினாறு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று வீட்டில் இருந்தன. மூழ்கியவை மூன்று. போய்ச் சேர்ந்த படகு ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று தடவை திரும்பி, நாலாவது தடவை போயிருந்தது.

ரம்லா நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. மட்டை திரும்பாது. அடித்துச் செல்லப்பட்டவன் திரும்பமாட்டான். திரும்பத் தெரிந்தவன்தான் ஓட்டிக்கொண்டு போனவன். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஹர்தோனோவுக்கு வேறு சாட்சி வேண்டியிருந்தது.

"எண்ணிக்கை நல்லாத்தான் இருக்கு, இபு. ஆனா திரும்புற விதி எங்கருந்து வந்துச்சு? போன வாரம் வரைக்கும் உங்க ஆளுங்க திரும்பவேமாட்டாங்கன்னு நாப்பது கைநாட்டக் காட்டுனீங்க."

"எனக்கு ஆதாரம் இருக்கு, பாக்."

"காட்டுங்க."

முந்தின நாள்தான் தம்ரின் தொலைபேசியில் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தான்: "அந்தக் கோட்டை யாருக்கும் காட்டாத, ரம்லா. திரும்புறவன்னு பேர் வந்தா நாளைக்கு என் படகுல எவன் ஏறுவான்?" ஏழு பேர் அவனை நம்பி ஏறுகிறார்கள். அந்த ஏழு பேர் இல்லாவிட்டால் அவன் தலைவன் இல்லை, சும்மா ஒரு படகு வைத்திருப்பவன். "நீ வாய மூடிட்டிருந்தா நம்ம தாத்தன் பூட்டனெல்லாம் மட்டைங்கன்னு புத்தகத்துல ஏறிடும்" என்று அவளும் கத்தினாள். ஆனால் அவன் சம்மதிக்காமல் காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"காட்ட முடியாது, பாக். அந்த ஆளுங்களையே நீங்க கேளுங்க. ஊருக்கு வாங்க. குழுவையும் கூட்டிட்டு வாங்க. நாப்பது பேரையும் ஒரே எடத்துல ஒக்கார வைக்கிறேன்."

"மறுபடி பூஜ்யம்னு சொன்னா?"

"சொல்லமாட்டாங்க."

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்ட பிறகு வழி தோன்றிவிட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

குழு கூடுகிற நாளன்று காலை ஒன்பது மணிக்கு லபுவான் ராயாவின் ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. வலது பக்கம் நாற்பது தலைவன்கள், தொப்பி வைத்து, துவைத்த சரோங் கட்டிக்கொண்டு. இடது பக்கம் பெண்கள். முன்வரிசையில் ஹர்தோனோவும் இன்னும் இரண்டு பேரும். மேடைக்கு மேலே நீல எழுத்தில் அதே சொல்: திரும்புவதைவிட மூழ்குவதே மேல்.

ஹர்தோனோ நேராகவே கேட்டார். "கிளம்பின பிறகு யாராவது பாதியில திரும்பினதுண்டா?"

நாற்பது பேரும் மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார்கள். அறுபத்தைந்து வயதான புவா சாலே எல்லாருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். "எழுதித்தான வெச்சிருக்கு. படிக்கத் தெரியும்ல உங்களுக்கு?"

கூடம் சிரித்தது. தம்ரின் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹர்தோனோ ரம்லாவின் பக்கம் திரும்பினார். பார்வையில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"ஜன்னலச் சாத்துங்க," என்றாள் ரம்லா.

சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் கடல் விழுந்தது. ஊர் மலை, பாறை முனை, நீரிணை எல்லாம் இருந்தன. கரையில் நாற்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு படகின் பெயர்.

"இது உங்க படகுங்க. நீங்க எனக்குச் சொன்ன பதில அப்படியே இதுங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கடல்ல இப்ப இருக்கிறது போன வருஷம் ஜூலை பதினொண்ணாம் தேதிக் காத்து."

வலது பக்கம் சட்டென்று அடங்கியது. தேதி எல்லாருக்கும் நினைவிருந்தது. ரம்லா ஒரு பொத்தானை அழுத்தினாள், புள்ளிகள் கிளம்பின.

முதலில் கேலியாகத்தான் பார்த்தார்கள். என் படகு முன்னால போகுது பார், உன் படகு அங்கயும் நண்டு மாதிரிதான் போகுது என்று ஒருவரை ஒருவர் சீண்டினார்கள். ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து. ஆறு. தென்கிழக்கிலிருந்து காற்றின் அம்புகள் தடித்துக்கொண்டு வந்தன. ஏழு மணிக்குக் கேலி நின்றுவிட்டது. அம்பு தடிப்பதென்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். இன்னொருவர் கை தானாகச் சுக்கானைப் பிடிப்பதுபோல் மடங்கியது.

"மலை எறங்குது, கொஞ்ச நேரத்துல மறைஞ்சிடும்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

முதல் புள்ளி அணைந்தது. பக்கத்தில் இருந்த பெயரும் அணைந்தது. பிறகு இரண்டு. பிறகு ஐந்து சேர்ந்தாற்போல். பெண்கள் பக்கம் ஒருத்தி தலைத்துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் படகு அப்படிப் போகாது," என்றார் புவா சாலே. குரலில் முன்பிருந்த கெத்து இல்லை.

"நீங்க சொன்னபடிதான் போகுது, புவா."

"ஏய், திருப்புடா அத. மலை இருக்கும்போதே திருப்பு," என்று பின்வரிசையில் ஒருவர் துணியைப் பார்த்துத் திட்டினார். "முட்டாப்பய, எங்க போறான் பாரு." அவர் திட்டிக்கொண்டிருந்தது தன் சொந்தப் படகை.

தம்ரின் எழுந்து நின்றுவிட்டான். அவன் புள்ளி பதினோராவது மைலில் இருந்தது.

"ரம்லா, திரும்பச் சொல்லு."

"அதுக்குத் திரும்பத் தெரியாது, காக்கா."

"இன்னும் ஒரு மைல்தான் இருக்கு. சொல்லு."

"தெரியாத ஒண்ண எப்படிச் செய்யும்? நாப்பது பேர்ல ஒருத்தர்கூட அதுக்குச் சொல்லித் தரலையே."

புள்ளி பன்னிரண்டைத் தாண்டியது, இன்னும் கொஞ்சம் போயிற்று, அணைந்தது. ரம்லா படத்தை நிறுத்தினாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வெளிச்சம் வந்தபோது தம்ரின் இன்னும் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

ஹர்தோனோ மெதுவாகக் கேட்டார். "பாக் தம்ரின், அன்னைக்கு நீங்க திரும்பினீங்க, இல்லையா? அப்புறம் ஏன் பூஜ்யம்னு சொன்னீங்க? வெக்கமா?"

தம்ரின் இடது பக்கம், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். ரம்லாவும் பார்த்தாள். எல்லாரும் தெரிந்த முகங்கள்தான். அவர்களில் ஆறு பேர் விதவைகள் என்பதும் அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றுவரை அதை இதோடு சேர்த்து அவள் யோசித்ததில்லை.

"வெக்கம் இருக்கு, இல்லன்னு சொல்லல," என்றான் தம்ரின். "ஆனா அது மட்டுமில்ல. இங்க ஒக்காந்திருக்கிற நாப்பது பேரும் திரும்பினவங்கதான். திரும்பாதவங்கள என் தங்கச்சி கேக்கவே முடியாது. அவங்க வீட்டுப் பொம்பளைங்கதான் அந்தப் பக்கம் இருக்காங்க. நான் திரும்பினேன், அதனாலதான் உசுரோட வந்தேன்னு அவங்க காது கேக்க எப்படிச் சொல்றது? அப்ப உன் புருஷன் திரும்பியிருக்கலாமேன்னு ஆகாதா? யாரும் திரும்பமாட்டோம்னு சொல்லிட்டா, அது கடலோட தப்பா போயிடும். அவன் தப்பா ஆகாது."

ரம்லா ஆண்பிள்ளை வீம்பு என்று ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தாளே, அதற்காக அவளுக்கு வலித்தது. முனைக்குப் பின்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் எதைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது, அங்கே படகு நிறுத்த இடமில்லை என்று சிரித்த ஹம்சியாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அவள் இப்போது தலை குனிந்திருந்தாள்.

இடது பக்கம் மர்வியா எழுந்தாள். ஒல்லியான பெண். அவள் புருஷன் ஒன்பது வருஷத்துக்கு முன் போனவன், பலகைகூடத் திரும்பி வரவில்லை. அவள் மகன் ரிட்வான் அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து முதல்முறையாகச் சொந்தப் படகில் தலைவனாகக் கிளம்புகிறான் என்பது ஊருக்கே தெரியும். அவனும் வலது பக்கம் கடைசி வரிசையில் இருந்தான், நாற்பதில் சேராதவனாக.

"ஒம்பது வருஷமா என் மனசு நோகக் கூடாதுன்னு பாத்துக்கிட்டீங்க," என்றாள் அவள். "நல்லது செஞ்சீங்க. நான் அத மறக்கமாட்டேன். ஆனா என் பிள்ள அந்த மேடைக்கு மேல இருக்கிறதப் படிச்சுத்தான் வளந்திருக்கான். வர்ற வெள்ளிக்கிழம போறான். எத்தன தடவ திரும்பினீங்கன்னு சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க, அவன் காதுல விழட்டும்."

சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை.

தம்ரின் கடைசி வரிசைப் பக்கம் திரும்பி ரிட்வானைப் பார்த்தான். "பதினேழு. போன பருவத்துல மட்டும்."

"பொய்," என்றார் புவா சாலே. "பத்தொம்பது."

"ரெண்டு தடவ கருவியில பாட்டரி இல்ல," என்று தம்ரின் ஒப்புக்கொண்டான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு முன்னால வந்து ஒக்காந்திருந்தவனுக்குத் தெரியாதா? எனக்கு இருபத்துரெண்டு. எழுதிக்க." கிழவர் தடியை ஊன்றி எழுந்து, மர்வியாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். "மன்னிச்சுக்கம்மா."

தம்ரினின் படகில் ஏறும் ஏழு பேரில் மூத்தவன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "அவரு திரும்புறதாலதான நாங்க ஏறுறோம். இது எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சாரு?"

அதற்குப் பிறகு எண்கள் தாமாக வந்தன. எட்டு. பதினான்கு. முப்பதுக்கு மேல், எண்ணவில்லை. ஒருவர் பூஜ்யம் என்று சொல்லிப் பார்த்தார், அவர் பெண்டாட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தாள், ஆறு என்று திருத்திக்கொண்டார். ஹர்தோனோ பேனாவை எடுத்து வேகமாக எழுதினார். எழுதுவது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார். ரம்லா ஒவ்வொரு படகின் பெயருக்கும் நேரே இருந்த பூஜ்யத்தை அழித்துப் புது எண்ணைப் பதிந்தாள். கண்ணில் நீர் நிறைந்து எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி பதிந்தாள். மர்வியா நின்றபடியே ஒவ்வொரு எண்ணையும் கேட்டாள். கடைசி வரிசையில் ரிட்வான் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பதாவது எண் வந்தபோது மதியத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது.